தொடுவானக் கோடும் குனிந்த முதுகும்: பெரியவர்களின் ஓவிய வகுப்பில் நிலக்காட்சியும் டிசைனும்

1

உடுமலைப்பேட்டையில் பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லித்தரும் வகுப்புகளில் முதல் இரண்டு மாதத்துக்குள் எல்லோரும் வரைந்து முடித்துவிடுகிற படம் ஒன்று உண்டு. இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து கீழே வர வர அகலமாகிக்கொண்டே போகும் ஆறு, கரையில் ஓலைக்குடிசை, அதை ஒட்டிச் சாய்ந்த ஒரு தென்னை, வானத்தில் மூன்றாம் எண்ணைப் படுக்கப்போட்டது மாதிரி நாலைந்து பறவைகள். 'இயற்கைக் காட்சி' என்று இதற்குப் பெயர். வரைகிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், மில்லில் ஷிப்டு முடித்து வருகிறவராக இருக்கலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்ணாக இருக்கலாம். படம் மாறுவதில்லை.

இதைக் கேலி செய்வது எளிது. உடுமலையிலிருந்து பார்த்தால் திருமூர்த்தி மலை தெற்கே நிற்கிறது. நேர்தெற்கில் சூரியன் உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. ஓலைக்குடிசையைத் தேடிப் போகவேண்டிய காலம் இது. ஆனால் 'பார்த்ததை வரையவில்லை, சூத்திரத்தை வரைகிறார்கள்' என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் விமர்சனம் அங்கேயே சோம்பிப்போகிறது. ஒரு சூத்திரம் இத்தனை பேருக்கு இத்தனை சுலபமாகக் கைவருகிறது என்றால் அது ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அது என்ன வேலை என்பதுதான் என் கேள்வி.

முதலில் படத்தில் இல்லாததைப் பார்க்கலாம். ஆள் இல்லை. இருந்தாலும் தலையில் குடத்தோடு ஒரு பெண், தூண்டிலோடு ஒரு பையன் என்று தூரத்தில், முகமில்லாமல், அளவு காட்டுவதற்காக நிறுத்தப்பட்ட ஆள்கள். களை வெட்டுகிறவர் இல்லை. வேலி இல்லை, வரப்பு இல்லை, கிணறு இல்லை. இந்தக் கிராமத்துக்குக் காலனியும் இல்லை. ஊர் ஒரு பக்கமும் காலனி ஒரு பக்கமுமாகத்தான் கொங்குநாட்டுக் கிராமம் ஒவ்வொன்றும் நிலத்தின்மீது எழுதப்பட்டிருக்கிறது. இயற்கைக் காட்சி இந்த எழுத்தை அழித்துவிட்டுத்தான் தொடங்குகிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் ஓர் ஆணவக் கொலை நடந்தது. கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடு முழுக்கப் பார்த்தார்கள். இந்த ஊரைப்பற்றி வெளியுலகம் அதிகம் பார்த்த 'காட்சி' அதுதான். அதே ஊரில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத ஆற்றங்கரையை வரைந்துகொண்டிருக்கிறோம். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவரவில்லை. எதைக் காட்சி என்று பழகுகிறோம் என்ற கேள்வி இந்த ஊரில் சும்மா வரும் கேள்வி அல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

இல்லாதது இன்னொன்று, சொற்கள். 'இயற்கைக் காட்சி' என்ற ஒற்றைத் தொகைச்சொல்லுக்குள் எதெல்லாம் கரைந்துபோகிறது என்று பட்டியல் போட்டால் தலை சுற்றும். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்குக் 'காடு' என்று பெயர். மரம் அடர்ந்திருக்க வேண்டியதில்லை. கிணற்றுப் பாசனம் இருந்தால் அது 'தோட்டம்'. வாய்க்கால் பாய்ந்தால் 'வயல்'. இரண்டு வேலிகளுக்கு நடுவே வண்டி போக விட்ட பாதை 'இட்டேரி'. தாராபுரம், காங்கேயம் பக்கம் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் வளரவிட்டு, மாடு மேய்க்க ஒதுக்கிய நிலம் 'கொறங்காடு'. சின்ன மலை 'கரடு', மழைத்தண்ணீர் ஓடும் தாழ்வு 'பள்ளம்'. இந்தச் சொல் ஒவ்வொன்றும் நிலத்தில் யார் என்ன செய்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, வழி யாருடையது என்பதைச் சொல்கிறது. 'காட்சி' என்ற சொல்லோ நிலத்தைவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டவரின் சொல்.

2

வெளியே வந்து நிற்பது என்பது இயல்பாக நடப்பதல்ல, அது கற்றுக்கொள்ளப்படுகிறது. 'லேண்ட்ஸ்கேப்' என்ற ஆங்கிலச் சொல்லே பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் டச்சு ஓவியர்களின் தொழில்சொல்லாக இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் அது படத்தைக் குறித்தது. படத்தைப் போல் இருந்ததால்தான் பிற்பாடு நிலத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டியது. ஜான் பெர்ஜர் தன் 'பார்க்கும் முறைகள்' (1972) நூலில், கெய்ன்ஸ்பரோ 1750 வாக்கில் வரைந்த ஒரு தம்பதியின் படத்தை எடுத்துக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் விரிந்துகிடக்கும் வயல் வெறும் பின்னணி இல்லை, அவர்களின் சொத்து என்று வாதிட்டது பலருக்கும் தெரிந்திருக்கும். ஜான் பேரல் 1980இல் எழுதிய நூலில் 1730க்கும் 1840க்கும் இடைப்பட்ட ஆங்கில ஓவியங்களில் கிராமத்து ஏழைகள் எந்த வெளிச்சத்தில், எந்த மூலையில் நிறுத்தப்பட்டார்கள் என்று தேடிப்போனார்.

பெரியவர்களுக்கான நிலக்காட்சி வகுப்பு என்று நாம் இப்போது புழங்குகிற அமைப்புக்கு ஒரு பழைய முகவரி உண்டு: ராணுவப் பள்ளி. நீர்வண்ண நிலக்காட்சிக்குப் பேர்போன பால் சாண்ட்பி 1768 முதல் இங்கிலாந்தின் வுல்விச் ராணுவக் கழகத்தில் தலைமை ஓவிய ஆசிரியராக இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி 1809இல் அடிஸ்கோம்பில் தன் அதிகாரிகளுக்கென்று தொடங்கிய பள்ளியிலும் ஓவியம் பாடமாக இருந்தது. கோட்டை எங்கே, குன்று எவ்வளவு உயரம், பீரங்கியை எங்கே நிறுத்தலாம் என்பதைக் காகிதத்தில் கொண்டுவரத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கண்ணோடுதான் அவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792இல் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து கிளம்பி, போர் நடந்த மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டே தெற்கே இறங்கினார்கள். அவர்களுடைய அச்சுப்படத் தொகுதிகள் 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்தன. படைகள் அளந்த பாதையில் தூரிகை பின்னால் நடந்தது. அந்தப் படங்கள் அழகானவைதான், சந்தேகமில்லை. ஆனால் அழகு எங்கே நின்றுகொண்டு பார்த்த அழகு என்பதைக் கேட்காமல் விட முடியாது.

ஜப்பானிய விமர்சகர் கோஜின் கராத்தானி 1980இல் வெளியிட்ட 'நவீன ஜப்பானிய இலக்கியத்தின் தோற்றங்கள்' நூலின் முதல் இயல் 'நிலக்காட்சியின் கண்டுபிடிப்பு' பற்றியது. 1890களின் ஜப்பானில் நிலக்காட்சி கண்டுபிடிக்கப்பட்டது என்கிறார் அவர். அதுவரை மலையும் வயலும் இல்லையா? இருந்தன. ஆனால் அவற்றைத் தன்னிலிருந்து பிரித்து எதிரே நிறுத்திப் பார்க்கிற ஒரு 'அகம்' அப்போதுதான் உருவானது. வெளியுலகத்துக்கு முதுகைக் காட்டித் தனக்குள் திரும்பிய மனிதனுக்குத்தான் வெளி ஒரு காட்சியாகத் தென்பட்டது. அப்படி ஒருமுறை நிலைபெற்றதும், அது எப்போதும் அங்கேயே இருந்ததுபோலத் தோன்றி, தன் பிறப்பை மறைத்துக்கொள்கிறது.

இதை உடுமலைக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். காடு கொறங்காடெல்லாம் மனைப்பிரிவாக ஆகிக்கொண்டிருக்கும் காலத்தில்தான், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி நட்ட காற்றாலைகள் தோட்டங்களுக்குமேல் சுழன்றுகொண்டிருக்கும் காலத்தில்தான், பெரியவர்கள் இயற்கைக் காட்சி வரையக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். நிலம் கையைவிட்டுப் போகும்போது காட்சி கைக்கு வருகிறது. படத்தில் காற்றாலை வராதது தற்செயல் அல்ல. அந்தப் படம் ஓர் ஈடு. போனதற்குப் பதிலாக வைத்துக்கொள்வது. அதனால்தான் அதில் வேலையின் சுவடு எதுவும் இருக்கக்கூடாது என்று கை தானாகவே பார்த்துக்கொள்கிறது.

3

இந்த இடத்தில் தமிழ் படித்தவன் ஒருவன் எழுந்து 'நமக்குத்தான் திணை இருக்கிறதே' என்று சொல்வான். எம்.ஏ. வகுப்பில் நாங்கள் எல்லோரும் அப்படிச் சொல்லப் பழக்கப்பட்டவர்கள்தான். கொஞ்சம் நிதானிக்கலாம்.

திணையை 'நிலக்காட்சி' என்று புரிந்துகொள்வதில் ஏ.கே. ராமானுஜனின் 1967 மொழிபெயர்ப்புத் தொகுப்புக்குப் பங்குண்டு. குறுந்தொகைப் பாடல்களுக்கு அவர் வைத்த பொதுத்தலைப்பிலேயே 'லேண்ட்ஸ்கேப்' என்ற சொல் உட்கார்ந்திருந்தது. அகத்தின் நிலக்காட்சி என்பது அவருடைய பொருள், அழகான பெயர்தான். ஆனால் தொல்காப்பியம் சொல்லும் முதற்பொருளில் நிலமும் பொழுதும் சேர்ந்தே வருகின்றன. அதற்குமேல் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்று கருப்பொருள். அதற்குமேல் பிரிதல், இருத்தல், ஊடல் என்று உரிப்பொருள். இவற்றில் 'பார்க்கிறவர் எங்கே நிற்கிறார்' என்ற இடம் கிடையாது. தொடுவானம் கிடையாது. நெய்தலைப் பாடியவரெல்லாம் கடற்கரையில் போய் நின்றுதான் பாட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. எந்தக் கருப்பொருளை எந்த உரிப்பொருளோடு சேர்க்கலாம், எங்கே வேண்டுமென்றே மயங்கவிடலாம் என்பதுதான் கவிஞருக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

அப்படியென்றால் திணை எதற்கு நெருக்கம்? ஓவிய வகுப்பின் இரண்டு பாடங்களில் 'லேண்ட்ஸ்கேப்'பைவிட 'டிசைனு'க்குத்தான் நெருக்கம் என்று சொல்லத் தோன்றுகிறது. எடுத்துக்கொள்ள வேண்டிய உருக்களின் தொகுதி ஒன்று. அவற்றை அடுக்குவதற்கான விதி ஒன்று. திரும்பத் திரும்ப வருவதால் குறைவு என்று ஆகிவிடாத, திரும்ப வருவதாலேயே பொருள் தருகிற ஒழுங்கு ஒன்று. சேலைக் கரையில் அன்னம் வருவது மாதிரித்தான் குறிஞ்சியில் வேங்கை வருகிறது.

இதைப் பழம்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திணையும் ஒரு கருத்தியல்தான். உழைப்பவரின் தொழிலைக் கருப்பொருள் பட்டியலில் ஒரு வரிசையாக அடக்கிவைத்து, காதலின் தலைமையை வேறு சிலருக்குக் கொடுத்த ஏற்பாடு அது. ஏவல் செய்வோருக்கும் வினை செய்வோருக்கும் ஐந்திணைக்கு வெளியேதான் இடம் ஒதுக்கியது. நான் இங்கே அதை இழுத்தது ஒரே ஒரு காரணத்துக்காக: நிலத்தைப்பற்றிய அறிவு எல்லாம் பார்வைக்கோணமாகத்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் ஆட்டிப்பார்ப்பதற்காக.

4

லேண்ட்ஸ்கேப்பும் டிசைனும் தனித்தனிப் பாடங்களாகப் பிரிந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் 1850இல் சென்னையில் தனியாக ஓர் ஓவியப் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டே கூடத் தொழிற்பள்ளி ஒன்றையும் சேர்த்தார். பிறகு அரசு அதை எடுத்து நடத்தியது. இன்றைய சென்னை கவின்கலைக் கல்லூரியின் மூலம் அதுதான். ஓவியம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம் என்ற பிரிவு அங்கே தொடக்கத்திலேயே குடியேறிவிட்டது. கைவினைஞர் சாதிப் பிள்ளைகள் தங்கள் தொழிலில் செம்மைப்பட வேண்டும், அவர்கள் செய்த பொருள் சந்தைக்குப் போக வேண்டும் என்பது காலனிய அரசின் கணக்கு. 'கலை' என்பதற்கான நாற்காலி வேறு இடத்தில் போடப்பட்டிருந்தது.

அந்தப் பிரிவினையின் வால் சின்ன ஊர்கள்வரை நீண்டது. ஓவிய ஆசிரியர் வேலைக்குப் போக நினைத்தவர்கள் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் லோயர், ஹையர் என்று இரண்டு படிகளும் ஏற வேண்டியிருந்தது. ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங், டிசைன், பெயிண்டிங் என்று தாள்கள். தமிழ்நாட்டில் பெரியவர்கள் ஓவியம் கற்றுக்கொண்டதன் உண்மையான நிறுவன வரலாற்றை யாராவது எழுதினால் அது கலைக்கூடங்களில் தொடங்காது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு மாடியில், சான்றிதழுக்காக நடந்த இந்த டுட்டோரியல் வகுப்புகளில்தான் தொடங்கும். டிசைன் தாளில் கொடுத்த அளவுக்குள் ஒரு பூவை எடுத்து, பாதியாக்கி, திருப்பிப்போட்டு, கரையாக ஓடவிட வேண்டும். அதை 'மார்க்கு வாங்கற பாடம்' என்பார்கள். லேண்ட்ஸ்கேப்போ 'திறமைக்கான' பாடம்.

இப்போது பொழுதுபோக்குக்காக வருகிறவர்களின் வகுப்பிலும் இந்தப் படிநிலை அப்படியே இருக்கிறது. டிசைன் கற்றுக்கொண்டால் திருப்பூரில் ஏதாவது வேலைக்கு ஆகும், பிளவுஸுக்குப் பெயிண்ட் பண்ணலாம், வாசலில் கோலம் போடலாம். லேண்ட்ஸ்கேப் என்றால் சட்டம் போட்டு ஹாலில் மாட்டலாம். ஒன்று கைக்கு, ஒன்று கண்ணுக்கு. கை கீழே, கண் மேலே. இந்த மேல்கீழ் நமக்குப் புதிதா என்ன? கவலை இறைத்த காலத்தில் தோல் பறி தைத்துக் கொடுத்த கைகளுக்கு இந்த மண்ணில் என்ன மரியாதை கிடைத்தது என்பது தெரிந்தவர்களுக்கு இந்தப் பாடத்திட்டத்தின் சாதியும் தெரியும். உடுமலைக்கு வடமேற்கே கொஞ்ச தூரத்தில் நெகமம் இருக்கிறது. அந்தப் பருத்திச் சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 'புவிசார்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு நிலத்தை அடையாளப்படுத்தும் உரிமையை அரசு இங்கே ஒரு துணிக்குக் கொடுத்திருக்கிறது. நம் வகுப்புகளில் நிலத்தின் அடையாளம் என்று யாரும் ஒரு கட்டத்தையோ கரையையோ வரைந்து நான் பார்த்ததில்லை. இரண்டு மலையும் ஒரு சூரியனும்தான்.

5

ஒரு வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. இளவயதில் கூலிக்கு வெங்காயம் நட்டு, களை வெட்டி, பிறகு மில்லுக்குப் போய், இப்போது மகன் வற்புறுத்தியதால் வகுப்புக்கு வருகிறவர். 'உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு எடத்த வரைங்க' என்று சொல்லப்பட்டபோது அவர் தாளை மேலிருந்து கீழ்வரை வரிகளால் நிரப்பினார். பார்களும் அவற்றுக்கு நடுவே வாய்க்கால்களும். பாரின் இரண்டு பக்கமும் சீரான இடைவெளியில் புள்ளிகள். ஒரு மூலையில் தண்ணீர் திருப்பும் மடை. வானம் இல்லை, மலை இல்லை. தாள் முழுக்க நிலம். ஆசிரியர் நல்ல மனிதர், பொறுமைசாலி. குனிந்து பார்த்துவிட்டு, 'டிசைன் நல்லா வந்திருக்குதுங்கம்மா. ஆனா இது லேண்ட்ஸ்கேப் கிளாஸ். தொடுவானம் எங்கீங்க?' என்றார். அந்த அம்மா சொன்னது: 'களை வெட்டறப்ப வானத்த யாருங்க பாக்கறாங்க?'

இந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நான் அன்றே ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். உழைக்கும் உடல் உள்ளிருந்து பார்த்த நிலம், காலனியப் பார்வைக்கு எதிரான பார்வை என்று தலைப்பெல்லாம் தயாராக வந்து நின்றது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அடுத்த தாளை எடுத்துக்கொண்டே, 'இத்தன வருசமா குனிஞ்சேதானுங்க பாத்தோம். நிமிந்து பாக்கோணும்னுதானுங்க இங்க வந்தது. அந்தக் கோடு எங்க போடறதுன்னு சொல்லுங்க' என்றார்.

கோட்பாட்டுக்காரர்களுக்கு இது சங்கடமான இடம். உழைப்பவரின் பார்வையே உண்மையான பார்வை, அவர் அதிலேயே இருக்கட்டும் என்று நாம் சொல்லும்போது அவரை மறுபடியும் குனியச் சொல்கிறோம். தூரத்தைப் பார்ப்பது, வேலையில்லாத ஒரு பொழுதில் நிமிர்ந்து நின்று மலையைப் பார்ப்பது, நிலத்தை ஒருமுறையாவது தன் எதிரே நிறுத்தி வைப்பது, இதெல்லாம் இத்தனை காலம் யாருக்கு வாய்த்தது? களத்தில் நின்ற பண்ணையக்காரருக்கு வாய்த்தது; ஊரை அளக்க வந்த துரைக்கு வாய்த்தது. அந்த இடம் தனக்கும் வேண்டும் என்று ஒருவர் கேட்கும்போது, 'அது காலனியப் பார்வை அம்மா, உங்களுக்கு எதற்கு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

6

இந்த முடிச்சை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்க ஒரு பழைய மாணவர் உதவுகிறார். கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். அவரை நம்மூர்க்காரர் என்று பட்டா போட்டுக்கொள்ள நான் வரவில்லை. குடும்பம் கேரளத்தைச் சேர்ந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் பெரியவராகி வகுப்புக்கு வந்தவர் என்பது. சின்ன வயதிலேயே நீர்வண்ணத்தில் நிலக்காட்சி வரையத் தொடங்கியவர், வீட்டு நிலைமையால் படிப்பை நிறுத்தி, தந்தித் துறையிலும் காப்பீட்டிலும் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில், 1936இல், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது முதல்வராக இருந்தவர் டி.பி. ராய் சௌத்ரி, 1929 முதல் அந்தப் பதவியில் இருந்தவர். பிறகு 1957இல் பணிக்கரே அந்தப் பள்ளியின் முதல்வர் ஆனார்.

அவருடைய ஆரம்பகாலப் படங்கள் தென்னையும் தண்ணீரும் பச்சையுமான நிலக்காட்சிகள். 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் அந்த நிலம் காணாமல் போகிறது. அல்லது அப்படித் தோன்றுகிறது. எழுத்து மாதிரி இருந்தும் வாசிக்க முடியாத வரிகள், கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டம், சின்னச் சின்ன உயிர்கள். தொடுவானம் போய்விட்டது. தாள் முழுக்கப் பரப்பாகிவிட்டது. ஆனால் அந்தப் பரப்பில் மேலிருந்து கீழாக ஓடும் வரிகளைப் பார்க்கும்போது அந்த அம்மாவின் வெங்காயப் பார்கள் எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. மேற்கின் பெர்ஸ்பெக்டிவிலிருந்து விடுபடுவதற்குச் சென்னைப் பள்ளியின் நவீனத்துவத்துக்கு இருபது முப்பது வருஷம் தேவைப்பட்டது. அந்த அம்மா அங்கேதான் தொடங்கினார். ஒன்றை 'நவீன ஓவியம்' என்கிறோம், மற்றதை 'டிசைன் நல்லா வந்திருக்குது' என்கிறோம். இந்த வித்தியாசத்தில் திறமை எவ்வளவு, பெயர் வைக்கும் அதிகாரம் எவ்வளவு?

இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. பணிக்கர் தொடுவானத்தைக் கற்று, அதில் தேறி, பிறகு அதை விட்டவர். விடுவதற்கு அவரிடம் ஒன்று இருந்தது. அந்த அம்மாவிடம் அது இன்னும் கொடுக்கப்படவே இல்லை. துறப்பதற்கும் கிடைக்காமல் இருப்பதற்கும் உள்ள தூரத்தை நம் கலைவிமர்சனம் அடிக்கடி மறந்துபோகிறது. நாட்டார் கலையையும் பழங்குடி ஓவியத்தையும் நவீனத்தோடு பக்கத்தில் வைத்துப் பாராட்டும்போதெல்லாம் இந்த மறதி வேலை செய்கிறது.

பணிக்கரின் கதையில் டிசைனுக்கும் ஓர் இடம் உண்டு, அது பேசப்படுவது குறைவு. 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைந்தபோது, அந்த நிலத்தை வாங்கவும் அங்கே பிழைக்கவும் வழி செய்தது கைவினை. ஓவியர்கள் பாத்திக் துணி செய்தார்கள், தோலிலும் உலோகத்திலும் பொருள்கள் செய்தார்கள், சேர்ந்து விற்றார்கள். பகல் டிசைனுக்கு, மீதிப் பொழுது ஓவியத்துக்கு. கலை வரலாற்று நூல்களில் ஓவியம் முன்னாலும் பாத்திக் பின்னாலும் வருகிறது. பிழைப்பின் வரிசையில் அது நேர்மாறு. கையில் சாயம் படிந்த அந்த வேலை இல்லாமல் கடற்கரையில் ஒரு துண்டு நிலம்கூட அந்த ஓவியர்களுக்குக் கிடைத்திருக்காது. நிலக்காட்சிக்கு முன்னால் நிலம், நிலத்துக்கு முன்னால் டிசைன்.

7

ஆக, உடுமலையின் ஓவிய வகுப்பு என்ன செய்யலாம்? விமர்சகன் பாடத்திட்டம் போட்டுக்கொடுப்பது அழகல்ல. ஆனாலும் பெர்ஸ்பெக்டிவ் பாடத்தின் முதல் நாளிலேயே எல்லா ஆசிரியர்களும் சொல்கிற ஒரு வாக்கியத்தை அவர்கள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். தொடுவானக் கோடு என்பது பார்க்கிறவரின் கண்மட்டம். நீங்கள் உட்கார்ந்தால் அது உங்களோடு இறங்கும். மாடியேறினால் உங்களோடு ஏறும். கீழே தரையைப் பார்த்துக் குனிந்தால் படத்தைவிட்டே போய்விடும். தொழில்நுட்பக் குறிப்பாகச் சொல்லப்படும் இந்த வாக்கியத்தில் மொத்த அரசியலும் இருக்கிறது. கோடு இயற்கையில் இல்லை. கோடு போடுகிறவர் ஒரு தரையில், ஓர் உயரத்தில், யாருடைய நிலத்திலோ நின்றுகொண்டிருக்கிறார்.

இதைச் சொன்ன பிறகு எந்தப் படத்தையும் வரையலாம். அந்த அம்மாவுக்குத் தொடுவானத்தைக் கற்றுத்தரத்தான் வேண்டும், ஒளிவுமறைவில்லாமல், முழுதாக. அது அவருக்கு வர வேண்டிய பாக்கி. ஆனால் அதே வகுப்பில், தோட்டத்தின் சொந்தக்காரராக இருந்து, எப்போதும் நின்றபடியே நிலத்தைப் பார்த்துப் பழகிய இன்னொருவருக்கு, வெங்காயப் பாரைக் குனிந்த உயரத்திலிருந்து, வானமில்லாமல், இடைவெளி பிசகாமல் ஒரு தாள் முழுக்க வரையும் பயிற்சி தரப்பட வேண்டும். அது டிசைன் என்று ஒதுக்கப்படாமல் நிலக்காட்சி என்றே மதிப்பெண் பெற வேண்டும். தான் நின்ற இடத்தை விட்டுக்கொடுத்து வரைவது எவ்வளவு கடினம் என்பது அப்போது அவருக்கும் தெரியவரும். இட்டேரியை வரைகிறவரிடம், 'இந்த வழியில் நடக்க யாருக்கெல்லாம் விட்டார்கள்?' என்று கேட்கலாம். ஊரை வரைகிறவரிடம், காலனி தாளுக்கு எந்தப் பக்கம் வெளியே இருக்கிறது என்று கேட்கலாம். கேட்டால் வகுப்பில் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுபோகும். நிற்கட்டும்.

பெரியவர்களுக்குக் கற்றுத்தருவதில் குழந்தைகளுக்குச் சொல்லித்தருவதில் இல்லாத ஒரு சிக்கலும் ஒரு வாய்ப்பும் உண்டு. குழந்தை இரண்டு மலை ஒரு சூரியன் வரைவது வேறு. அறுபது வருஷம் இந்த மண்ணில் இருந்தவர், எந்தக் கரட்டில் எப்போது மழை பெய்யும் என்று தெரிந்தவர், எந்தக் கிணறு எந்த வருஷம் வற்றியது என்று சொல்லக்கூடியவர், அதையெல்லாம் வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு உள்ளே வந்து அதே இரண்டு மலையை வரைவது வேறு. முதலாவது அறியாமை, அது அழகு. இரண்டாவது அறிந்ததை மறக்கக் கற்றுக்கொள்வது. வகுப்பு அந்த மறதிக்குக் கட்டணம் வாங்கக்கூடாது.

இப்போது செல்போனில் ஒரு வரி எழுதினால் இயற்கைக் காட்சி கேட்ட மாத்திரத்தில் வந்து விழுகிறது. மலையும் சூரியனும் ஆறும் குடிசையும் எந்த மனிதக் கையையும்விடத் திருத்தமாக. சூத்திரத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது; நல்லதாகப் போயிற்று. இனி ஒரு பெரிய மனிதர் தாளைப் பிரித்து, பென்சிலைச் சீவி, வியர்வையோடு உட்காருவதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருக்கிறது. அந்தக் கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்பதை வேறு யாரும் அவருக்காக முடிவுசெய்ய முடியாது.